பின்கால் இல்லாத நாற்காலி

நாற்காலிகளின் நூற்றாண்டு – பகுதி 7

சைக்கிள் கைப்பிடியைப் பார்த்து நாற்காலி செய்த மார்செல் ப்ராயரைச் சென்ற வாரம் டெஸ்ஸாவ் நகரில் விட்டுவிட்டு வந்தோம். ஆண்டு 1925. அவருக்கு வயது 23. ஹங்கேரியிலிருந்து வந்து பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர், அதே பள்ளியின் மரச்சாமான் பட்டறைக்குத் தலைவராகியிருந்தார். புதிதாக வாங்கிய ஆட்லர் சைக்கிளின் வளைந்த குழாய் அவரைச் சும்மா விடவில்லை. எஃகுக் குழாயும் துணிப் பட்டைகளும் மட்டுமே கொண்டு அவர் உருவாக்கிய நாற்காலியை இன்று உலகம் ‘வாசிலி’ என்று அழைக்கிறது.

அதற்கும் முந்தைய வாரங்களில், தோனெட் ஆவியில் வளைத்த பீச் மரத்தையும், ரீட்ஃபெல்ட் சிவப்பும் நீலமும் பூசிய பலகைகளையும் பார்த்தோம். எத்தனையோ மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. உட்காருகிறவரின் எடை முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் பிரிந்துதான் தரைக்கு இறங்கியது. பழைய எகிப்தின் கல்லறைகளில் கிடைத்த நாற்காலிகள் தொட்டு ப்ராயரின் குழாய் நாற்காலி வரை அப்படித்தான்.

1926-க்கும் 1928-க்கும் இடையில் அந்த வழக்கம் உடைந்தது. மூன்று பேர் பின்கால்களை எடுத்துவிட்டார்கள். மூவரும் ஒரே வட்டத்தில் பழகியவர்கள். ஒருவர் வேலையை ஒருவர் அறிந்தவர்கள்.

முதலில் எடுத்தவர் யார்? அந்தக் கேள்வி ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

* * *

நவீன நாற்காலிகளைத் திரட்டி வைத்திருக்கும் பெரிய அருங்காட்சியகங்களில் இந்த மூவரின் நாற்காலிகளும் தவறாமல் இடம்பிடிக்கும். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரை ஒட்டி, வைல் ஆம் ரைன் என்ற ஊரில் இருக்கும் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் அவற்றுள் முக்கியமானது. ஃபிராங்க் கெரி வடிவமைத்த வெள்ளைக் கட்டடத்தில் 1989-இல் அது தொடங்கியது. 2016-இல் அங்கே ஹெர்சோக், டி மெரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் செங்கல்லில் ஒரு காட்சிக் கிடங்கை எழுப்பினார்கள். அதில் 400-க்கும் மேற்பட்ட சாமான்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பெரும்பாலானவை நாற்காலிகள். லாவென்ஃபோர்டே என்ற இன்னொரு ஜெர்மானிய ஊரிலோ, பின்கால் இல்லாத நாற்காலிகளுக்கென்றே தனியாக ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. ஒரே ஓர் எண்ணத்துக்கு ஒரு முழு அருங்காட்சியகம்!

மூன்று நாற்காலிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, மார்ட் ஸ்டாம் என்ற டச்சுக்காரருடையது. கறுப்பு வண்ணம் பூசிய குழாய். மேலே நேர்கோடு, முன்னே நேர்கோடு, தரையில் நேர்கோடு. மூலைகளில் மட்டும் சின்ன வளைவு. கண்டிப்பான ஆசிரியரைப் போன்ற தோற்றம்.

இரண்டாவது, மீஸ் வான் டெர் ரோவுடையது. இதில் முன்கால் என்று தனியே ஒன்றைக் காட்ட முடியாது. இருக்கையிலிருந்து புறப்படும் குழாய் பெரிய அரைவட்டமாக முன்னே பாய்ந்து, தரையைத் தொட்டு, பின்னோக்கித் திரும்புகிறது.

மூன்றாவது, ப்ராயருடையது. பளபளக்கும் குழாயின் மேல் பீச் மரச்சட்டம். சட்டத்துக்குள் பிரம்புப் பின்னல். வடிவக் கோடு ஸ்டாமுடையதைப் போலவே சதுரம்.

ஆண்டுகளை வரிசையாக எழுதினால் 1926, 1927, 1928. ஸ்டாம், மீஸ், ப்ராயர். அதோடு விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியவில்லை.

* * *

பின்கால் இல்லாத இருக்கை எப்படி நிற்கிறது?

சுவரிலிருந்து தெருவை நோக்கி நீண்டிருக்கும் பால்கனி எப்படி நிற்கிறதோ அப்படி. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, மறுமுனை அந்தரத்தில். இந்த மூவருமே கட்டடக் கலையில் ஊறியவர்கள் என்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் வந்தபின் கட்டடத்தில் சாத்தியமான ஒன்றை அவர்கள் வீட்டுச் சாமானுக்குள் கொண்டுவந்தார்கள்.

உட்கார்ந்தவரின் எடை முன்கால்களுக்குப் பின்னால், வெறும் காற்றுக்கு மேலே இறங்குகிறது. அது இருக்கையைப் பின்பக்கமாக மடக்கப் பார்க்கும். மடங்காமல் தடுப்பவை இரண்டு வளைவுகள்தான். ஒன்று, இருக்கை முன்காலாக இறங்கும் இடம். மற்றொன்று, முன்கால் தரையில் படிந்து பின்னோக்கி ஓடத் தொடங்கும் இடம். தரைக்குழாய் போதிய தூரம் பின்னால் நீண்டால் நாற்காலி கவிழாது. ஆனால் அந்த இரண்டு வளைவுகளும் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் முழுச் சுமையையும் வாங்கித் திருப்பித் தர வேண்டும். பொளி அடித்துக் கூட்டிய மர மூட்டு அந்த வேலைக்குத் தாங்காது. ஆடி ஆடித் தளர்ந்துவிடும்.

எஃகுக் குழாய் தாங்கும். வளைவை எதிர்க்கும் வலு ஒரு கம்பியின் நடுப்பகுதியைவிட அதன் வெளி விளிம்பில்தான் மிகுதி. குழாயில் உலோகம் முழுவதும் அந்த விளிம்பிலேயே இருக்கிறது. ஆனால் பழைய குழாய்கள் தகட்டைச் சுருட்டி ஒட்டியவை. வளைத்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் பிளந்துகொள்ளும். 1885 வாக்கில் ஜெர்மனியின் மான்னெஸ்மான் சகோதரர்கள், பழுக்கக் காய்ச்சிய உருளையைச் சாய்வாக வைத்த உருட்டிகளுக்கு இடையில் விட்டுச் சுழற்றி, ஒட்டே இல்லாத குழாயை எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிள்காரர்கள் பயன்பெற்றார்கள். நாற்காலிக்காரர்கள் வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

* * *

மார்ட் ஸ்டாம் 1899-இல் நெதர்லாந்தின் பூர்மரெண்டில் பிறந்தவர். தச்சு வேலை கற்றவர். இடதுசாரி. அலங்காரத்தை அவர் வெறுத்தது ரசனையால் மட்டும் இல்லை. உழைக்கும் மக்களுக்கு வீடும் சாமானும் மலிவாகக் கிடைக்க வேண்டுமானால் தேவையற்ற எதுவும் அவற்றில் இருக்கக் கூடாது என்று நம்பினார்.

1926-இல் அவர் செய்த நாற்காலி அந்த நம்பிக்கையின் குழந்தை. வீட்டுக்கு எரிவாயு கொண்டுவரும் சாதாரண இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினார். குழாய் வேலை செய்பவர்கள் மூலைக்கு மூலை மாட்டும் எல்போக்கள் பத்தை எடுத்து அந்தத் துண்டுகளைத் திருகிச் சேர்த்தார். கருவுற்றிருந்த மனைவிக்காக அதைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கால மோட்டார் காரில் பார்த்த மடக்கு இருக்கைதான் அவருக்குத் தூண்டுதல் என்று சொல்வோரும் உண்டு.

அந்த நாற்காலி துள்ளாது. உட்கார்ந்தால் அசையாது. துள்ள வேண்டும் என்று ஸ்டாம் நினைக்கவும் இல்லை. குறைந்த பொருளில், ஒரே தொடர்ச்சியான கோட்டில், உட்கார ஓர் இடம். அவருக்கு அவ்வளவே போதும்.

* * *

1926 நவம்பர் 22. ஸ்டுட்கார்ட். மார்க்வார்ட் ஹோட்டல்.

அடுத்த கோடையில் அந்த நகரின் வைசென்ஹோஃப் குன்றில் ஒரு கண்காட்சி நடத்த ஜெர்மன் வெர்க்புண்ட் அமைப்பு முடிவு செய்திருந்தது. மாதிரிப் படங்களைச் சுவரில் மாட்டிவைக்கும் கண்காட்சி இல்லை. ஐரோப்பாவின் புதிய கட்டடக் கலைஞர்களை வரவழைத்து, அவர்களைக் கொண்டே குடியிருக்கக்கூடிய வீடுகளைக் கட்டி, மக்களை உள்ளே நடக்கவிடும் கண்காட்சி. அதன் பொறுப்பு மீஸ் வான் டெர் ரோவிடம் இருந்தது. அப்போது அவருக்கு வயது 40.

அன்று மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் மீஸ் இருந்தார். ஸ்டாம் இருந்தார். ஸ்டுட்கார்ட்டின் இளம் கட்டடக் கலைஞர் ஹைன்ஸ் ராஷ் இருந்தார். நடந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர் அவர்தான்.

ஸ்டாம் தன் நாற்காலியைப் பற்றிப் பேசினார். பேசினால் புரியாது என்று கையில் கிடைத்த ஒரு தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் வரைந்து காட்டினார். அது ஓவியர் வில்லி பௌமைஸ்டரின் திருமண அறிவிப்பு. இதே கண்காட்சிக்குப் பின்னர் சுவரொட்டி வரைந்து தந்தவரும் அந்தப் பௌமைஸ்டர்தான்.

சில கோடுகள். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நாற்காலி. பின்கால் மட்டும் இல்லை.

இந்தக் கதையில் எல்லாம் திரும்பும் இடம் அதுதான். வேறொருவர் பார்த்திருந்தால் ஒரு வேடிக்கையான படமாக மறந்திருப்பார். பார்த்தவர் மீஸ்.

* * *

பெர்லின் திரும்பிய மீஸ் தன் அலுவலகத்தில் இருந்தவர்களிடம் அந்த நாற்காலியை வரைந்து காட்டினார். அவரிடம் வேலை பார்த்த செர்கியஸ் ரூகென்பெர்க் இதைச் சொல்லியிருக்கிறார். எண்ணம் மீஸுக்குப் பிடித்திருந்தது; உருவம் பிடிக்கவில்லை. மூலைக்கு மூலை துருத்திக்கொண்டிருந்த அந்த எல்போக்கள் அவரை உறுத்தின. அப்படியே ஒரு வளைவைப் போட்டு, இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

அழகுக்காகப் போட்ட வளைவு அது. ஆனால் அது இன்னொரு காரியத்தையும் செய்துவிட்டது.

சதுர மூலையில் வளையும் குழாய்க்குச் சுமை ஒரே புள்ளியில் வந்து குவியும். அரைவட்டத்தில் அதே சுமை நீண்ட குழாய் முழுவதும் பரவும். மெல்லிய சுவர் கொண்ட, வளைந்தாலும் பழைய நிலைக்கு மீளும் எஃகுக் குழாயை அதற்குப் பயன்படுத்தினால், நாற்காலி முழுவதுமே ஒரு வில்லாகிவிடுகிறது. மெத்தை வேண்டாம், மெத்தைக்குள் சுருள்வில் வேண்டாம். உட்கார்ந்தவுடன் இருக்கை இலேசாகத் தாழும், எழுந்தால் மீளும். 1927 ஆகஸ்டில் மீஸ் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் உரிமை கோரியது அந்த வில்தன்மைக்குத்தான்.

இந்த நாற்காலியின் பிரம்புப் பின்னல் வடிவத்தை லில்லி ரைஷுடைய பங்களிப்பாகக் கருதுகிறார்கள். மீஸுடன் பல ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றிய வடிவமைப்பாளர் அவர். இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்: குழாயை வளைத்தவரின் பெயர் நிலைக்கிறது, உடலைத் தாங்கும் துணியையும் பின்னலையும் தந்தவரின் பெயர் கண்காட்சி அட்டையில் கீழே போய்விடுகிறது. ப்ராயரின் நாற்காலிகளுக்கு வலு தந்த மெழுகேற்றிய ‘இரும்பு நூல்’ துணியில் பௌஹவுஸின் நெசவுப் பட்டறையில் உழைத்த மார்கரேதா ரைஷார்ட்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

* * *

1927 ஜூலை 23. வைசென்ஹோஃப் கண்காட்சி திறந்தது.

17 கட்டடக் கலைஞர்கள். 21 கட்டடங்கள். தட்டையான கூரைகள், வெளிறிய சுவர்கள், நீண்ட சன்னல்கள். லெ கார்புசியேயின் வீடுகள் ஒருபுறம், க்ரோப்பியஸின் வீடுகள் ஒருபுறம், மீஸின் அடுக்குமாடிக் குடியிருப்பு குன்றின் மேல். ஸ்டாம் கட்டிய மூன்று வரிசை வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஒரே குன்றில், சில நிமிட நடைத் தொலைவில், பின்கால் இல்லாத இரண்டு நாற்காலிகளும் காட்சிக்கு இருந்தன.

ஸ்டாம் இப்போது எல்போக்களை விட்டுவிட்டார். ஷோர்ன்டார்ஃப் ஊரின் ஆர்னால்ட் நிறுவனம் குழாயை வளைத்தே செய்துகொடுத்தது. ஆனால் அந்தக் குழாய் தனியே எடையைத் தாங்கவில்லை. உள்ளே இரும்புக் கம்பி செருகி வலுவூட்ட வேண்டியிருந்தது. அதன் மேல் கறுப்பு வண்ணம். உட்கார்ந்தால் விறைப்பு. மீஸின் நாற்காலி முலாம் பூசிய பளபளப்பு, உட்கார்ந்தால் துள்ளல்.

மீஸின் நாற்காலியிலும் குறை இருந்தது. அரைவட்டம் முன்னே வெகுதூரம் பாய்வதால் உட்காரும்போதும் எழும்போதும் காலை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும்; முன் விளிம்பில் எடையைப் போட்டால் முன்னே சாயும். பார்க்கத் தெவிட்டாத நாற்காலி. ஆனால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலைந்தைப் போட்டால் இடிக்கும்.

இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஸ்டாமின் ஒழுங்கான கோடு, மீஸின் துள்ளல், இரண்டும் ஒன்றாக உள்ள நாற்காலி. அந்த இடத்துக்கு வந்தவர் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவர்.

* * *

ப்ராயருக்கு மனக்குறை இருந்தது. இந்த எண்ணம் முதலில் தனக்குத்தான் வந்தது என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

அவர் காட்டிய சான்று ஒரு முக்காலி. பௌஹவுஸுக்காக 1925–26 வாக்கில் அவர் செய்த சிறிய குழாய் இருக்கை. ஒன்றுக்குள் ஒன்றைத் தள்ளி அடுக்கலாம். அதைப் பக்கவாட்டில் புரட்டி வையுங்கள். கீழே ஒரு குழாய், முன்னே ஒரு குழாய், மேலே அந்தரத்தில் ஒரு குழாய். பின்கால் இல்லாத இருக்கையின் கோடு அங்கே தயாராக இருக்கிறது. அந்த எண்ணத்தைத் தாம் ஸ்டாமிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டதாகவும் ப்ராயர் பின்னாளில் கூறினார். அதை உறுதிசெய்யும் கடிதமோ படமோ இல்லை. ப்ராயரின் சொல் மட்டுமே.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1926-இல் பௌஹவுஸ் வெளியிட்ட இதழின் முதல் எண்ணில், ஐந்தாண்டுகளாகத் தாம் செய்த நாற்காலிகளின் படங்களைத் திரைப்படச் சுருள் போல் ஒன்றன்கீழ் ஒன்றாக ப்ராயர் அடுக்கியிருந்தார். மேலே 1921-இன் கனத்த மர நாற்காலி. கீழே போகப் போக எடை குறைகிறது, மரம் மெலிகிறது, பிறகு குழாய் வருகிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு பெண் எதன் மீதும் அமராமல், வெறுங்காற்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கட்டத்துக்கு ஆண்டு குறிக்காமல் கேள்விக்குறிகளை விட்டிருந்தார். வருங்காலத்தில் நாம் காற்றின் மீதே உட்காருவோம் என்பது அவர் கனவு.

அந்தக் கனவை வைத்திருந்தவருக்கு முன்னால் இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால் வலிக்கத்தான் செய்யும்.

1928-இல் வந்தது ப்ராயரின் பதில். குழாய் ஒரு பக்க முதுகின் உச்சியில் தொடங்கி, இருக்கையாய் ஓடி, முன்காலாய் இறங்கி, தரையைச் சுற்றி வந்து, மறுபக்க முதுகின் உச்சியில் முடிந்துவிடுகிறது. இரண்டு பக்கங்களையும் மேலே பிணைப்பது இருக்கையிலும் முதுகிலும் உள்ள மரச்சட்டங்கள். உள்ளே கம்பி இல்லை. எஃகு தானே தாங்குகிறது, தானே துள்ளுகிறது. சில்லென்ற உலோகம் உடலில் படுவதில்லை. படுவது மரமும் பிரம்பும். தோனெட் குடும்பம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காபிக் கடைகளுக்குச் செய்து தந்த அதே பீச்சும் பிரம்பும் இங்கே எஃகின் மீது ஏறி உட்கார்ந்தன. பிற்காலத்தில் இத்தாலியில் இதை மீண்டும் தயாரித்தபோது ப்ராயரின் மகள் ஃபிரான்செஸ்காவை நினைத்து ‘செஸ்கா’ என்று பெயரிட்டார்கள். மூன்றில் உலகெங்கும் மிகுதியாகப் பரவியது இதுதான்.

* * *

இந்த இடத்தில் நான்காவது ஆள் கதைக்குள் நுழைகிறார். அவர் அப்போது நாற்காலி வடிவமைப்பவர் இல்லை, வணிகர்.

அன்டன் லோரென்ஸ். ப்ராயரைப் போலவே ஹங்கேரிக்காரர், புடாபெஸ்டில் பிறந்தவர். ப்ராயரும் அவருடைய நண்பர் கால்மன் லெங்யெலும் பெர்லினில் ‘ஸ்டாண்டர்ட் மோபெல்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கிக் குழாய் நாற்காலிகளை விற்றுவந்தார்கள். விற்பனை சுமார். 1928-இல் லோரென்ஸ் அதன் நிர்வாகத்துக்கு வந்தார். மற்றவர்கள் நாற்காலியைப் பார்த்த இடத்தில் லோரென்ஸ் உரிமைப் பத்திரத்தைப் பார்த்தார்.

ப்ராயர் 1928-லேயே தம் புதிய வடிவங்களுக்காகத் தோனெட் நிறுவனத்துடன் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டார். 1929-இல் தோனெட், ஸ்டாண்டர்ட் மோபெலையே விலைக்கு வாங்கியது. ப்ராயரின் குழாய் நாற்காலிகள் எல்லாம் தன் கைக்கு வந்துவிட்டன என்று தோனெட் நினைத்தது.

லோரென்ஸ் பின்கால் இல்லாத நாற்காலிகளை மட்டும் கொடுக்கவில்லை. அவை விற்பனையில் சேராது என்றார். அதோடு நிற்கவில்லை. 1929 ஜூனில் மார்ட் ஸ்டாமைத் தேடிப்போய், அவருடைய நாற்காலியின் உரிமையை ஒப்பந்தம் போட்டுத் தம் பெயருக்கு வாங்கிக்கொண்டார். பெர்லினில் ‘டெஸ்டா’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

பிறகு தோனெட் மீது வழக்குத் தொடர்ந்தார்.

* * *

வழக்கின் வாதி லோரென்ஸ், பிரதிவாதி தோனெட். நாற்காலியை வரைந்த கலைஞர்கள் யாரும் கட்சிக்காரர்கள் இல்லை. ஸ்டாம் 1930-இல் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மாயின் குழுவோடு சோவியத் ரஷ்யாவுக்குப் போய், மாக்னிட்டோகோர்ஸ்க் போன்ற புதிய தொழில் நகரங்களைத் திட்டமிடும் வேலையில் இறங்கியிருந்தார்.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி நாம் நினைப்பதைவிடக் குறுகியது. பின்கால் இல்லாமல் உட்கார முடியும் என்பது ஒரு தொழில்நுட்ப உண்மை. அதற்குச் சொந்தம் கொண்டாட வேண்டுமானால் காப்புரிமை வேண்டும். லோரென்ஸின் வக்கீல்கள் அந்த வழியில் போகவில்லை. இந்த நாற்காலியின் கோடு ஒரு கலைப்படைப்பு, ஓர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உள்ள பதிப்புரிமை இதற்கும் உண்டு, அந்தப் படைப்பாளி ஸ்டாம் என்று வாதாடினார்கள்.

கீழ் நீதிமன்றங்கள் லோரென்ஸ் பக்கம் சாய்ந்தன. தோனெட் மேல்முறையீடு செய்தது.

1932 ஜூன் 1. லைப்சிக் நகரில் இருந்த ஜெர்மன் ரைஷின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்க்கோட்டு முன்கால்களும் கனசதுர வடிவமும் கொண்ட, பின்கால் இல்லாத நாற்காலி கலைப்படைப்பே. அதன் கலைப் பதிப்புரிமை மார்ட் ஸ்டாமுக்கு உரியது.

ப்ராயரின் பிரம்பு நாற்காலியும் அந்த வரையறைக்குள் அடங்கியது. மீஸின் அரைவட்டம் வேறு வடிவம் என்பதால் தப்பித்தது.

* * *

இந்தத் தீர்ப்பைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோடு ஸ்டாமுடையது. கையில் இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. எல்போக்களால் இணைத்த அந்த இரும்புக் குழாயும், திருமண அறிவிப்பின் பின்புறத்தில் வரைந்த படமும் மற்ற இருவரின் நாற்காலிகளுக்கும் முந்தியவை. பெரிய பெயர்களுக்கு நடுவில் கரைந்துபோயிருக்க வேண்டிய ஒருவருக்கு நீதிமன்றம் நியாயம் செய்தது.

ஆனால் ப்ராயருக்கு அதே நீதிமன்றம் அநியாயம் செய்தது என்பதும் என் கருத்து. நீதிபதிகள் நாற்காலியைப் பக்கவாட்டில் இருந்து, கோடாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை. ஒன்று உங்களைத் தாங்குகிறது. மற்றொன்று நீங்கள் அசைந்தால் கூடவே அசைகிறது. குழாய்க்குள்ளிருந்து கம்பியை எடுத்தது, எஃகையே வில்லாக்கியது, தோலில் படும் இடத்தில் மரத்தைக் கொண்டுவந்து வைத்தது, இவை எதுவும் கோட்டில் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும் ஒருவரைப் படைப்பாளி என்று அறிவித்தார்கள். மீதிப் பாதிக்கு யாருமே படைப்பாளி இல்லாமல் போனார்கள்.

தீர்ப்பின் தழும்பு இன்னும் மறையவில்லை. தோனெட் இன்றும் அந்தப் பிரம்பு நாற்காலியைத் தயாரிக்கிறது. வடிவமைப்பு மார்செல் ப்ராயர் என்று ஒரு வரி, கலைப் பதிப்புரிமை மார்ட் ஸ்டாம் என்று இன்னொரு வரி. அமெரிக்காவில் நோல் நிறுவனம் விற்கும்போது அது ப்ராயரின் செஸ்கா மட்டுமே.

அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் இன்னொரு தாளும் இருக்கிறது. ஹாரி நோலன் என்ற அமெரிக்கர், வில்லெஃகில் செய்த பின்கால் இல்லாத புல்வெளி நாற்காலி ஒன்றுக்கு 1922-இல் காப்புரிமை கேட்டு, 1924-இல் பெற்றும்விட்டார். ஸ்டுட்கார்ட் சந்திப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே.

லோரென்ஸ் பின்னர் அமெரிக்காவில் குடியேறி, சாய்வு நாற்காலி வடிவமைப்பில் பெயர் பெற்றார். அவருடைய காகிதங்கள் விட்ரா அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. 1934-இல் ரஷ்யாவிலிருந்து திரும்பிய ஸ்டாம், பின்னாளில் பொதுவாழ்விலிருந்து முற்றிலும் ஒதுங்கி, சுவிட்சர்லாந்தில் மறைந்து வாழ்ந்து 1986-இல் இறந்தார். ப்ராயர் குழாயை விட்டு அலுமினியத்துக்கும் பிறகு ஒட்டுப்பலகைக்கும் போனார். கடைசியில் பாரிஸின் யுனெஸ்கோ தலைமையகத்தையும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தையும் கட்டியவர்களில் ஒருவராகப் புகழ்பெற்றார்.

நம் ஊரில் வங்கி மேலாளரின் மேசைக்கு எதிரிலும், மருத்துவரின் அறையிலும், அலுவலக வரவேற்பிலும் ‘எஸ் டைப் சேர்’ என்று கடைக்காரர்கள் விற்கும் நாற்காலியில் நாம் அன்றாடம் உட்காருகிறோம். இந்த வழக்கில் சிக்கிய கோடு அதில் அப்படியே இருக்கிறது. யாருடைய பெயரும் அதில் இல்லை.

* * *

தீர்ப்பு வந்த அதே கோடையில் இன்னொரு முடிவும் வந்தது. 1932 ஆகஸ்டில், நாஜிகளின் கை ஓங்கியிருந்த டெஸ்ஸாவ் நகராட்சி மன்றம் பௌஹவுஸை மூட வாக்களித்தது. அப்போது அதன் இயக்குநர் மீஸ். பள்ளியைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்த் தாக்குப்பிடிக்கப் பார்த்தார். 1933-இல் அதுவும் முடிந்தது. எஃகை வளைத்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள்.

அதே நேரத்தில் வடக்கே பின்லாந்தின் பைமியோ காட்டுக்குள் ஒரு காசநோய் மருத்துவமனை எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவர் அல்வார் ஆல்டோ. தம் வீட்டுக்கு ப்ராயரின் குழாய் நாற்காலிகளை ஆசையாக வரவழைத்தவர் அவர். ஆனால் நாள் முழுவதும் படுத்தும் சாய்ந்தும் கிடக்கும் நோயாளிக்கு, தொட்டால் சில்லிடும், வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கும் உலோகம் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. துர்க்கு நகரின் மரச்சாமான் தயாரிப்பாளர் ஓட்டோ கோர்ஹோனெனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, எஃகு செய்ததைப் பின்லாந்தின் பிர்ச் மரத்தைச் செய்யவைக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கினார்.

மூட்டில் தளர்ந்துவிடும், வளைத்தால் பிளந்துவிடும் என்று எல்லோரும் கைவிட்ட மரம், ஒரு மனிதரின் முழு எடையையும் பின்கால் இல்லாமல் அந்தரத்தில் தாங்குமா?

(அடுத்த வாரம்)